இசைத்தட்டில் இருப்பது பாதி நாடகம்



1953 ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஔவையார்' படத்தில் நடித்த கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரை அறியாத தமிழர் குறைவு. திரைக்கு வருமுன்பே அவர் நாடக மேடையில் பெரும்புகழ் பெற்றவர். அவருடைய கணவர் எஸ். ஜி. கிட்டப்பாவும் மேடையில் கொடிகட்டிப் பறந்தவர். கிட்டப்பா 1933 இல் காலமானார். அப்போது அவருக்கு வயது 27 தான். பேசும் படம் எதிலும் அவர் நடிக்கவில்லை. அப்படியிருந்தும் அவர் குரலை இன்று நாம் கேட்க முடிகிறதே, எதனால்? இசைத்தட்டினால்தான். அத்தகைய பழைய நாடக இசைத்தட்டுகளை எப்படிக் கேட்பது என்பதே இன்றைய பேச்சு.

அக்காலத்து நாடகம் இரவில் தொடங்கி விடியும்வரை நடக்கும். கிராமபோன் தட்டிலோ ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் இடம். ஆகவே சில நாடகங்களைச் சுருக்கி, பல தட்டுகள் அடங்கிய 'நாடக செட்டு'களாக 1930களில் வெளியிட்டார்கள். மற்றவற்றில் பெயர்பெற்ற பாட்டுகள் மட்டும் தட்டில் ஏறின. முன்னும் பின்னும் வரும் வசனம், வாதம், சிரிப்பு யாவும் மேடையோடு நின்றுவிட்டன.

சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1867 இல் பிறந்து 1922 இல் மறைந்த அவர்தாம் 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்' முதலிய இசை நாடகங்களை எழுதியவர். வள்ளி கதை நம் பிள்ளைகளுக்கும் தெரியும். தினைப்புனத்தில் பாடும் பெண் யார், வேடனாக வந்து வழக்காடுபவர் யார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பவளக்கொடி கதை அப்படியா? மகன் புலந்திரன் பவளத்தேர் கேட்கிறான். பவளம் தேடிப் போன அருச்சுனன் பவளக்கொடியைக் கண்டு மயங்குகிறான். வீட்டிலே காத்திருப்பவள் அல்லி. இந்த நாடகப் பாட்டு ஒன்றில் ஒரு பெண் மனம் நொந்து பாடுகிறாள் என்று வையுங்கள். பாடுபவள் அல்லியா, பவளக்கொடியா? அது தெரியாவிட்டால் குரலின் இனிமை மட்டும் காதில் விழும். அவள் படும் துயரம் மனத்தில் படாது.

அந்த விவரத்தைச் சொல்லக்கூடியவர்கள் யார்? நம் வீட்டுப் பெரியவர்கள்தாம். பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா என்றால் நாடகமும் உண்டு. பகலில் பால் மரம் வெட்டியவரே இரவில் அரிதாரம் பூசி ராஜாவானார். அந்த மேடையின் முன்னே பாய் விரித்து உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டிகள். பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல செம்பனைக்கு மாறின. மக்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் தாமான் வீடுகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது பழைய பெட்டியும் அதிலுள்ள தட்டுகளும்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். தட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பழைய நாடகப் பாட்டுகள் பல இப்போது கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றன. ஒரு மாலையில் பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து ஒரு பாட்டைப் போடுங்கள். பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள். பாடுவது யார்? யாரைப் பார்த்துப் பாடுகிறார்? இதற்கு முன் என்ன நடந்தது? அவர் சொல்வதைப் பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். ஊர்ப் பெயர், தோட்டத்தின் பெயர், எந்தத் திருவிழா என்பதையும் குறிக்கட்டும்.

கேட்கும்போது இன்னும் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, குரலின் உயரம். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்றே உச்ச சுருதியில் பாடினார்கள். மற்றொன்று ஆர்மோனியம். பார்சி நாடகக் குழுக்களின் வழியைப் பார்த்து நம் மேடை திரைச்சீலையையும் ஆர்மோனியத்தையும் கைக்கொண்டது. அதே பார்சி நாடகம் 19 ஆம் நூற்றாண்டில் பினாங்குக்கும் வந்தது. அதிலிருந்து மலாய் மக்களின் பங்சாவான் பிறந்தது. நம் நாடகத்துக்கும் பங்சாவானுக்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

வீட்டில் பழைய தட்டு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம்போல் நிமிர்த்தி வையுங்கள். வெயில் பட்டால் வளைந்துவிடும். கீழே விழுந்தால் உடைந்துவிடும். அரக்குக் கலந்து செய்த பொருள் என்பதால் ஸ்பிரிட் கொண்டு துடைக்கவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். பிற்காலத்து ரிகார்டுகளுக்கான ஊசியையும் இதில் வைக்காதீர்கள். பழைய தட்டின் வரி அகலமானது. அதற்கென்று தனி ஊசி வேண்டும்.

தட்டைக் கவனமாக வைத்தால் இன்னும் நூறாண்டு இருக்கும். அதன் மறுபாதியை நெஞ்சில் வைத்திருக்கும் பெரியவர்கள் அத்தனை காலம் காத்திருக்க மாட்டார்கள். இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.