வடித்த நீரின் அறம்



நீரை வடித்துப் பருகுதல் சமண இல்லறத்தாரின் தொன்மையான ஒழுக்கம். சிற்றுயிர்க்கும் ஊறு நேரலாகாது என்னும் அருளே அதற்கு அடிப்படை. துறவியர்க்கு வடித்துக் காய்ச்சிய நீரையே அளிப்பதும் மரபு.

அவ்வொழுக்கம் பருகுவோரையும் காக்கும் என்பதற்கு இக்காலச் சான்றும் உண்டு. வங்கதேசச் சிற்றூர்களில் அமெரிக்க அறிவியலாளர் ரீட்டா கோல்வெல்லும் அவர்தம் குழுவினரும் நிகழ்த்திய ஆய்வு 2003இல் வெளிவந்தது. பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்து நீரை வடித்த ஊர்களில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. காலராக் கிருமிகள் நீரில் மிதக்கும் நுண்ணுயிரிகளைப் பற்றி வாழ்பவை. அவ்வுயிரிகளைத் துணி தடுத்தது. பலமுறை துவைத்து நைந்த சேலையில் இழைகள் பிரிந்து துளைகள் சிறுத்திருக்கும். ஆதலின் புதுச்சேலையினும் அதுவே ஏற்றது.

ஆயினும் வடித்தல் முதற்படியே. தனித்துத் திரியும் கிருமிகள் துணியைக் கடந்துவிடும். எனவே வடித்த நீரைக் கொதிக்கவைத்தல் வேண்டும். விறகும் எரிவாயுவும் அரிதாயின் கதிரவன் துணைபுரிவான். நிறமற்ற, தூய பெட் பாட்டிலில் தெளிந்த நீரை நிரப்பி, வெயிலில் ஆறு மணி நேரம் கிடத்திவைத்தால் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் அழியும். மேகமூட்டமாயின் இரண்டு நாள் வைத்தல் வேண்டும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டச் சிற்றூர்களில் வெயிலுக்குக் குறைவில்லை. செலவோ ஒரு பாட்டிலின் விலையே.

அம்மண்ணின் இயல்பையும் அறிதல் நலம். அரியலூர்ப் பகுதி பண்டு கடல் கொண்டிருந்த நிலம். அதன் சுண்ணாம்புக்கல்லில் கடலுயிர்களின் எச்சங்கள் இன்றும் கிடைக்கின்றன. சுண்ணாம்பு கரைந்த கடினநீரைக் காய்ச்சினால் ஒரு பகுதி பாத்திரத்தில் வெண்படிவாகத் தங்கும். நீரின் கடினமும் ஓரளவு தணியும். ஆனால் ஃபுளோரைடு காய்ச்சுவதால் நீங்காது. நீர் வற்றுந்தோறும் அதன் செறிவு மிகும். துணியும் வெயிலும் அதனை நீக்கமாட்டா. ஆதலின் ஆழ்துளைக் கிணற்று நீரை ஆய்வகத்தில் சோதித்தல் இன்றியமையாதது.

தூய்மை செய்த நீரைக் குறுகிய வாயுடைய கலத்தில் மூடிவைத்து, கை படாமல் முகந்து பருகுதல் வேண்டும். கை பட்டால் முன்செய்த முயற்சி யாவும் வீணாகும்.

உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் எனச் சமணம் தானத்தை நால்வகையாக வகுத்தது. அண்டை வீட்டார்க்கு இந்த எளிய முறையைக் கற்பிப்பது கல்வித் தானம். நோய் வாராமல் காப்பதால் மருந்துத் தானம். ஒரு குழந்தையின் உயிரை அச்சத்தினின்று மீட்பதால் அடைக்கலத் தானமுமாம். இல்லத்தில் பேணிய ஒழுக்கம் ஊர்க்குப் பயன்படும்போதே அறம் முழுமையுறும்.