உட்காரும் உயரம்



கட்டடக் கலையின் வரலாறு என்று தொடங்கினால், பேச்சு பெரும்பாலும் கோபுரத்திலும் கோட்டையிலும் போய் நின்றுவிடும். வெளியே நின்று அண்ணாந்து பார்ப்பதற்காகக் கட்டியவை அவை. இன்று உங்களை வீடுகளுக்குள்ளே அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன். புனே நகரத்து வீடுகள். ஒரே ஒரு கேள்வியோடு போவோம்: இந்த வீட்டில் இருந்தவர்கள் எதன்மேல் உட்கார்ந்தார்கள்? தரையிலா, நாற்காலியிலா? ஜன்னல் எங்கே தொடங்க வேண்டும், விளக்கு எந்த உயரத்தில் எரிய வேண்டும், கூரை எவ்வளவு தாழலாம், சாமான்களை எங்கே வைப்பது என்று பலவற்றையும் இந்த ஒரு விஷயம்தான் தீர்மானித்தது என்பது என் எண்ணம்.

புனேயின் மிகப் பழைய கட்டடம் கட்டப்பட்டதே அல்ல, குடையப்பட்டது. ஜங்லி மகாராஜ் சாலையில் போக்குவரத்து இரைச்சலுக்கு நடுவே, தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது பாதாளேஸ்வர் குகைக் கோயில். 8ஆம் நூற்றாண்டு, ராஷ்டிரகூடர் காலம். வட்ட வடிவ நந்தி மண்டபம் ஒன்று அங்கே இருக்கிறது, அப்படி ஒன்றை வேறு இடங்களில் காண்பது அரிது. அந்தப் பாறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தக்காணத்தின் எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கரும்பாறை அது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுப் பழமை. புனேயில் பின்னால் கட்டிய எல்லா நல்ல வீடுகளும் அடியில் அந்தக் கல்லின்மேல்தான் நிற்கின்றன.

அதற்கு மேலே மரம்.

புனேயின் பெரிய வீட்டுக்கு மராத்தியில் 'வாடா' என்று பெயர். மராத்திய அரசரின் முதலமைச்சர்களான பேஷ்வாக்களின் ஆட்சி புனேயில் வேரூன்றிய 18ஆம் நூற்றாண்டு, வாடாக்களின் நூற்றாண்டு. பேஷ்வா முதலாம் பாஜிராவ் 1730 ஜனவரி 10ஆம் தேதி, ஒரு சனிக்கிழமை, தன் வீட்டுக்குக் கால்கோள் இட்டார். அதனால் அது சனிவார் வாடா. 1732 ஜனவரியில் கிருகப்பிரவேசம். செலவு 16,110 ரூபாய். ஜுன்னர் காட்டிலிருந்து தேக்கு, சிஞ்ச்வட் பக்கத்திலிருந்து கல், ஜேஜுரியிலிருந்து சுண்ணாம்பு. முழுக்கக் கல்லிலேயே கட்ட நினைத்தார்களாம். கல்மாளிகை கட்டும் உரிமை அரசருக்கு மட்டுமே உண்டு என்று, மராத்திய அரசர் இருந்த சாதாராவிலிருந்து தடை வந்ததாம். அதனால்தான் அடியில் கல்லும் மேலே செங்கல்லும் என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ போகட்டும், அந்த முறைக்கு நல்ல காரணம் இருந்தது. ஈரம் ஏறாமல் இருக்க அடியில் கருங்கல். அதன்மேல் தேக்குத் தூண்களும் உத்தரங்களும் சேர்ந்த மரச்சட்டம். சட்டத்துக்கு நடுவே செங்கல்லும் மண்ணும் நிரப்பிய தடித்த சுவர். கூரையின் பாரத்தைப் பெரிதும் சுமப்பது மரம். சுவரின் வேலை வெயிலையும் மழையையும் தடுப்பது.

ஒரு வாடாவுக்குள் நுழைவோம். வாசலில் ஆணிகள் பதித்த பெரிய இரட்டைக் கதவு. அதைத் தினமும் திறப்பதில்லை. அதற்குள்ளேயே ஒரு சின்னக் கதவு இருக்கும், 'திண்டி தர்வாஜா' என்பார்கள். குனிந்து, உயரமான நிலைப்படியைத் தாண்டிக் காலெடுத்து வைத்தால்தான் உள்ளே போகலாம். வாளோடு வருகிறவனையும் அந்தக் கதவு தலைகுனிய வைத்துவிடும். உள்ளே காவலாளி இருக்கும் இடம். அதைத் தாண்டினால் 'சௌக்', அதாவது முற்றம். முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். வசதிக்கேற்ப ஒரு முற்றம், இரண்டு முற்றம், அதற்கு மேலும். துளசி மாடம், கிணறு அல்லது தண்ணீர்த்தொட்டி. பேஷ்வா நானாசாகேப் காலத்தில் காத்ரஜ் ஏரியிலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியாக நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். சனிவார் வாடாவின் நீரூற்றுகளுக்கும் பேட்டைகளில் இருந்த தொட்டிகளுக்கும் அந்தத் தண்ணீர்தான்.

காரைக்குடிப் பக்கத்து வீடுகளை அறிந்தவர்களுக்கு இதெல்லாம் அந்நியமாக இருக்காது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நாம் சொல்வதைப்போல அங்கேயும் வெளியிலிருந்து உள்ளே போகப் போக வீடு அந்தரங்கமாகிக்கொண்டே போகும். முன்பக்கம், பெரும்பாலும் மாடியில், 'திவான்கானா'. ஆண்கள் கூடிப் பேசும் கூடம். நடுவில் 'மாஜ்கர்', அதாவது நடு அறை. அதற்கும் உள்ளே பூஜை அறை, சமையலறை, தானியக் கிடங்கு, வெளிச்சம் அதிகம் படாத பிரசவ அறை.

அறைகளுக்குள் என்ன இருந்தது என்று பாருங்கள். மேஜை இல்லை, நாற்காலி இல்லை, அலமாரி இல்லை. தரையில் விரிப்பு, அதன்மேல் வெள்ளைத்துணி போர்த்திய மெத்தை, சாய்ந்துகொள்ளத் திண்டு. மேலே உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும் ஊஞ்சல். சாமான்கள் எல்லாம் சுவருக்குள்ளே. இரண்டடி, மூன்றடி தடித்த சுவர் அல்லவா, அதில் வரிசையாக மாடங்கள் விட்டிருப்பார்கள். விளக்குக்கு ஒரு மாடம், ஏட்டுக்கு ஒன்று, வெற்றிலைப் பெட்டிக்கு ஒன்று. பல மாடங்களின் மேல்விளிம்பு பூவிதழ்போல் வளைந்திருக்கும். விளக்கு மாடத்தை மட்டும் உடனே கண்டுபிடித்துவிடலாம். உள்வளைவில் எண்ணெய்ப்புகை படிந்து கறுத்திருக்கும், எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் அது மெல்ல மேலே வந்துவிடும். இந்த மாடங்களும் ஜன்னல்களும் நின்றுகொண்டிருப்பவருக்குத் தாழ்வாகத் தோன்றும். தரையில் உட்கார்ந்து கையை நீட்டினால் சரியாக எட்டும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் தெரு முழுவதும் கண்ணுக்குள் வரும், காற்று முகத்தில் அடிக்கும்.

அலங்காரமும் அப்படித்தான், தனியாகக் கொண்டுவந்து வைத்ததில்லை. தூண் உத்தரத்தைத் தொடும் இடத்தில், அடுக்கடுக்கான மடலோடு தலைகீழாகத் தொங்கும் வாழைப்பூவைத் தேக்கில் செதுக்கியிருப்பார்கள். கட்டுமானத்தின் மூட்டு எங்கேயோ அங்கேதான் தச்சனின் கைவண்ணமும்.

இப்படி ஒரு கூடம் நிறைய ஆட்களோடு எப்படி இருந்தது என்பதற்கு ஓர் ஓவியம் சாட்சி. திப்பு சுல்தானுக்கு எதிராக ஆங்கிலேயரும் பேஷ்வாவும் செய்துகொண்ட 1790ஆம் ஆண்டு உடன்படிக்கை. ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஓவியர் புனேயில் தங்கி எடுத்துவைத்த குறிப்போவியங்களைக் கொண்டு, தாமஸ் டேனியல் லண்டனில் 1805இல் முடித்த பெரிய ஓவியம் அது. சனிவார் வாடாவின் தர்பார் மண்டபம். வளைவுகள் வரிசை வரிசையாகப் பின்னோக்கிப் போகின்றன. இளம் பேஷ்வா சவாய் மாதவராவ் திண்டில் சாய்ந்து அமர்ந்திருக்கிறார். ஆங்கிலேயத் தூதர் சார்லஸ் மாலெட்டும் அவருடைய ஆட்களும் அதே விரிப்பின்மேல் கீழே இருக்கிறார்கள். நாற்காலியிலேயே வளர்ந்தவர்கள், அந்த இறுகிய உடுப்போடு! அந்தக் கூடம் தரைக்காகக் கட்டிய கூடம். அதற்குள் வந்தவர் யாராக இருந்தாலும் அதன் உயரத்துக்கு இறங்கியே ஆகவேண்டும். எனக்கு அந்த ஓவியத்தில் அரசியலைவிட இதுதான் முக்கியமாகப் படுகிறது.

அந்தக் கூடம் இன்று இல்லை. 1828 பிப்ரவரியில் பிடித்த தீ ஏழு நாள் எரிந்ததாகச் சொல்கிறார்கள். மரம் எல்லாம் போயிற்று. இன்று சனிவார் வாடாவில் பார்ப்பது மதிலும் வாசலும் கல் அடித்தளமும்தான். பதினாறு இதழ்த் தாமரை வடிவத்தில் 'ஹஜாரி காரஞ்சே' என்ற நீரூற்றின் அச்சு மட்டும் தரையில் இருக்கிறது. மர வேலையை உயிரோடு பார்க்க வேண்டுமானால் விஸ்ராம்பாக் வாடாவுக்குப் போகவேண்டும். இரண்டாம் பாஜிராவ் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. ஊசியிலை மரம்போல் மேலே குறுகும் தேக்குத் தூண்கள் அங்கே இருக்கின்றன. அதிலும் ஒரு பகுதி 1879இல் எரிந்து, ஊரார் பணம் போட்டு மீண்டும் கட்டியது.

வாடாவைப் புகழ்ந்து பேசும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. அந்த அழகான உள்முற்றம்தான் பெண்களை உள்ளேயே வைத்திருந்தது. திவான்கானாவின் வெளிச்சம் அவர்களுக்கு இல்லை. யார் எந்த முற்றம் வரை வரலாம் என்பதைச் சாதி சொன்னது. 1821இல் விஸ்ராம்பாக் வாடாவில் தொடங்கிய சமஸ்கிருதக் கல்லூரி பிராமணப் பையன்களுக்கு மட்டுமே. அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், பிடே வாடாவில், 1848இல் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தார்கள். அதே வகை வீடு, அதே மண்சுவர். உள்கட்டில் இருந்த பெண்ணை அந்த முன்கூடத்தில் உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். புனேயின் கட்டட வரலாற்றில் இதைவிடப் பெரிய மாற்றம் எனக்குத் தெரியவில்லை.

1817இல் ஆங்கிலேயர் வென்றபிறகு நகருக்குக் கிழக்கே கண்டோன்மெண்ட் எழுந்தது. அதோடு பங்களா வந்தது. முற்றம் வீட்டுக்குள்ளே இருந்த நிலை போய், வீடு தோட்டத்துக்கு நடுவே வந்து நின்றது. சுற்றிலும் வராந்தா, உயரமான கூரை, இடுப்பளவில் தொடங்கும் ஜன்னல். காரணம், உள்ளே நாற்காலி. சாப்பாட்டுக்கு ஓர் அறை, தூங்குவதற்கு ஓர் அறை, வந்தவரை வரவேற்க ஓர் அறை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மரச்சாமான். வாடாவில் ஒரே கூடம், பாயைச் சுருட்டினால் வேறு அறையாகிவிடும். கணேஷ்கிண்டில் ஆளுநர் மாளிகையை ஜேம்ஸ் ட்ரப்ஷா 1860களில் இத்தாலியப் பாணியில் வடிவமைத்தார். இன்று அது சாவித்திரிபாய் புலே புனே பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடம். ஆளுநர் மாளிகைக்கு அந்தப் பெயர் வந்து சேர்ந்ததை நினைத்தால் மனம் நிறைகிறது.

இத்தாலிய வளைவுகளோடு 1892இல் கட்டிய இன்னொரு மாளிகை ஆகா கான் அரண்மனை. பஞ்சகாலத்தில் சுற்றுவட்டார மக்களுக்கு வேலை கொடுப்பதற்காக மூன்றாம் ஆகா கான் கட்டியது. 1942 ஆகஸ்டிலிருந்து 1944 மே வரை காந்தியடிகள் அங்கே சிறைவைக்கப்பட்டார். அவருடைய செயலர் மகாதேவ் தேசாயும் மனைவி கஸ்தூரிபாயும் இறந்தது அங்கேதான். அந்த உயரமான கூரைக்கும் நெடிய கதவுகளுக்கும் நடுவே காந்தியடிகள் தரையில் மெத்தை போட்டு, முன்னால் சாய்வுப் பலகை வைத்து எழுதினார். நாற்காலிக்காகக் கட்டிய வீட்டுக்குள் தரை மீண்டும் வந்து உட்கார்ந்துகொண்டது. கஸ்தூரிபாய், மகாதேவ் தேசாய் சமாதிகள் இருக்கும் இடத்தில் பின்னால் நினைவிடம் வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா. அதே கொரியா பல்கலைக்கழக வளாகத்தில் வானியல் ஆய்வு மையத்தைக் கட்டியபோது, நடுவில் வானத்துக்குத் திறந்த முற்றத்தை வைத்தார். சுவருக்குக் கருங்கல்லை எடுத்தார்.

வாடாக்கள் எப்படி அழிந்தன? 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் வாடகையை உயரவிடாமல் நிறுத்தியது. குடியிருப்பவர் பத்துக் குடும்பம், கிடைப்பது சில ரூபாய், ஓடு மாற்றக்கூடப் போதாது. 1961 ஜூலை 12ஆம் தேதி பான்ஷேத் அணை உடைந்தது. முட்டா நதி கரையோரப் பேட்டைகளுக்குள் புகுந்தது. நனைந்த மண்சுவர் கரைந்து சரிந்தது. ஒரே நாளில் எத்தனையோ வீடுகள் போயின. அதன்பிறகு அடுக்குமாடிக் குடியிருப்பு, இப்போது மேற்கே பாணேர் வரை. அரையடிச் சுவரில் மாடம் வைக்க இடமேது? அதனால் அலமாரி தனி, அலங்காரம் தனி, அதைச் செய்துதர ஆளும் தனி. தமிழ்க் குடும்பங்கள் பல காலமாக வாழும் ராஸ்தா பேட்டையிலும் இதே கதைதான். 

இடித்த வாடாவின் தூணும் கதவும் பழைய மரக் கடைகளுக்குப் போகின்றன, அங்கிருந்து உணவு விடுதிகளுக்குப் போய்ச் சேர்கின்றன. தினகர் கேல்கர் என்ற தனிமனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கதவுகளும் விளக்குகளும் பாக்குவெட்டிகளும், கோத்ருடிலிருந்து பெயர்த்து வந்து மீண்டும் பொருத்திய, முதலாம் பாஜிராவின் துணைவி மஸ்தானியின் மகாலும், அவருடைய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சிறுவயதில் இறந்த மகன் ராஜாவின் பெயரை அதற்கு வைத்தார். அவர் காப்பாற்றியது பெரிய காரியம். ஆனால் ஒரு மாடத்தை அருங்காட்சியகத்துக்குத் தூக்கிப் போகமுடியாது. அது சுவரோடு போய்விடும். பிடே வாடாவும் 2023 டிசம்பரில் நினைவிடம் கட்டுவதற்காக இடிக்கப்பட்டுவிட்டது.

புனேயில் கட்டடக்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. அளவெடுக்கத் தெரிந்த பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் படித்து வெளியே வருகிறார்கள். பழைய வீடு வைத்திருப்பவர்களை, அது புனேயாக இருந்தாலும் கும்பகோணமாக இருந்தாலும், நான் கேட்டுக்கொள்வது இதுதான். இடிப்பதாக முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், இடிக்கும் முன் ஒரு வாரம் கொடுங்கள். தெருவிலிருந்து முகப்பை மட்டும் படமெடுக்கவிட்டு அனுப்பிவிடாதீர்கள். உள்ளே விடுங்கள். தரையிலிருந்து மாடம் எத்தனை அங்குலம், ஜன்னல் எத்தனை அங்குலம், ஊஞ்சல் சங்கிலி எந்த உத்தரத்தில், பிரசவ அறைக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் என்று அவர்கள் குறித்துக்கொள்ளட்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், யார் எங்கே உட்காருவார்கள் என்பதையும் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்லுங்கள்.