நினைவு வைத்திருக்கும் மின்தடை

நம் மூளை வேலை செய்ய ஏறக்குறைய 20 வாட் மின்சாரம் போதும். செயற்கை நுண்ணறிவு ஓடும் கணினிக் கூடங்களுக்கோ மெகாவாட் கணக்கில் வேண்டியிருக்கிறது. ஏன்?

கணக்குப் போடுவதற்கு அவ்வளவு செலவில்லை. எண்கள் நினைவகத்தில் இருக்கின்றன. கணக்குப் போடும் செயலி வேறிடத்தில் இருக்கிறது. அடுப்பு ஒரு தெருவில், மளிகைச் சாமான் அடுத்த தெருவில் என்றால் எப்படியிருக்கும்? கடுகுக்கு ஒரு நடை, உப்புக்கு ஒரு நடை. அந்த நடைக்குத்தான் பெரும்பகுதி மின்சாரம் போகிறது.

இந்த நடையைக் குறைக்க ஒரு வழி உண்டு. தன் வழியே ஓடிய மின்சாரத்தை நினைவில் வைத்து, அதற்கேற்பத் தடையை மாற்றிக்கொள்ளும் சாதனம் சாத்தியம் என்று 1971-ல் லியோன் சுவா கணிதத்தால் காட்டினார். அதற்கு மெமரிஸ்டர் என்று பெயர். 2008-ல் ஹெச்.பி. ஆய்வகத்தின் ஸ்டான்லி வில்லியம்ஸ் குழுவினர், டைட்டானியம் டை ஆக்சைடு படலத்தில் அப்படியொன்றைச் செய்துவிட்டதாக அறிவித்தார்கள்.

இதில் என்னை வியக்க வைப்பது ஒன்று உண்டு. குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகளை ஓடவிட்டு, அவை சந்திக்கும் இடங்களில் இந்த மெமரிஸ்டர்களை வைத்தால், பெருக்கலை ஓம் விதி செய்துவிடுகிறது. கூட்டலைக் கிர்க்காஃப் விதி பார்த்துக்கொள்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த அதே விதிகள்தான்! செயற்கை நுண்ணறிவின் நரம்பு வலைப்பின்னலுக்கு வேண்டியதும் பெரும்பாலும் பெருக்கலும் கூட்டலுமே. எண் இருக்கும் இடத்திலேயே கணக்கு முடிந்துவிடுகிறது.

சிக்கல் என்னவென்றால், இந்தத் தடைகள் வைத்த அளவில் அப்படியே நிற்பதில்லை. இதைத் தாண்டும் முயற்சியில், 2024-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் ஒரு மூலக்கூறுப் படலத்தில் 16,500 வெவ்வேறு தடை நிலைகளைப் பதித்துக் காட்டினார்கள். அதை உள்நாட்டிலேயே முழுச் சில்லாக்கும் முயற்சியிலும் இறங்கியிருக்கிறார்கள்.