மாம்பழக் கணக்கும் மழலையர் கல்வியும்



பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கே, மலையடிவாரத்தில் உள்ள ஊர் முதலமடை. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் இருப்புப் பாதையில் அதற்கு ஒரு நிலையம் உண்டு. தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் அவ்வூர் மாந்தோப்புகளால் பெயர் பெற்றது. நாட்டின் பல பகுதிகளில் மா பூத்து நிற்கும் காலத்திலேயே அங்கே காய் பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். மும்பையிலும் தில்லியிலும் வாழும் நேயர்கள் பருவத்துக்கு முன்பே கடையில் காணும் மாம்பழம் முதலமடையிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

அம்மாம்பழங்களைக் கொண்டே குழந்தைகளுக்கு ஒரு கல்வியைப் புகட்டலாம் என்பதுதான் இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம். புள்ளிவிவரங்களைப் படித்துப் பொருள் உணர்வதே அக்கல்வி. இது பெரியவர்களுக்கு உரியதென்று நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். இன்றோ நிலைமை மாறிவிட்டது. 2021-ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் தொடக்க வகுப்புகளின் எண்ணறிவில் இதனையும் ஓர் அங்கமாக வைத்துள்ளது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘தகவல் செயலாக்கம்’ என்ற தலைப்பில் இது இடம் பெறுகிறது.

இதனை எவ்வாறு தொடங்குவது? தாளையும் கோட்டையும் முதலில் காட்டலாகாது. பொருளையே முதலில் கையில் கொடுக்க வேண்டும். ஒரு கூடை மாங்காயைக் குழந்தையின் முன் வைத்து, இனம் இனமாகப் பிரிக்கச் சொல்லலாம். செந்தூரம் ஒரு வரிசை, பங்கனப்பள்ளி ஒரு வரிசை, கிளிமூக்கு ஒரு வரிசை. வரிசைகள் ஒரே கோட்டிலிருந்து தொடங்கி, ஒன்றுக்கு நேராக ஒன்று அமைந்தால், எது நீளம் என்பதை எண்ணாமலே குழந்தை கண்டுகொள்ளும். இவ்வரிசையே பின்னர்த் தாளில் படமாகிறது, படம் கட்டமாகிறது, கட்டம் பட்டை வரைபடமாகிறது.

படம் வரையும்போது கருத வேண்டிய ஒன்றுண்டு. 1920-களில் வியன்னா நகரில் ஓட்டோ நியூராத் என்னும் அறிஞர், எழுத்தறியாத பாமரரும் புள்ளிவிவரங்களை உணரும்படி படங்களால் விளக்கும் முறையை வகுத்தார். எண்ணிக்கை மிகுந்தால் படத்தைப் பெரிதாக வரையாதே, அதே அளவுள்ள படங்களை மிகுதியாக வரை என்பது அவர் கொண்ட விதி. இரண்டு மடங்கு விளைச்சலைக் காட்ட ஒரு மாம்பழத்தை இரண்டு மடங்கு உயரமும் அகலமுமாக வரைந்தால், பரப்பு நான்கு மடங்காகிக் கண்ணை ஏமாற்றிவிடும். விளம்பரங்களில் இவ்வேமாற்றத்தை இன்றும் காணலாம். இளமையிலேயே இவ்விதியைக் கற்ற குழந்தை பின்னாளில் அத்தகைய படங்களுக்கு மயங்காது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு வகுப்பில் 20 குழந்தைகள். தமக்குப் பிடித்த மாம்பழம் பங்கனப்பள்ளி என்றவர் 8 பேர், செந்தூரம் என்றவர் 6 பேர், கிளிமூக்கு 4, நீலம் 2. ஒரு படம் இரண்டு குழந்தைகளைக் குறிக்கும் என்று வைத்துக்கொண்டால், வரிசைகளில் முறையே 4, 3, 2, 1 படங்கள் அமையும். இப்போது கேள்வி கேட்க வேண்டும். ஃபிரான்சிஸ் கர்சியோ என்னும் அமெரிக்கக் கல்வியாளர் 1987-இல் இவ்வாசிப்பை மூன்று படிகளாகப் பிரித்துக் காட்டினார். செந்தூரத்தை விரும்பியவர் எத்தனை பேர் என்பது முதற்படி. விடை படத்திலேயே உள்ளது. பங்கனப்பள்ளியை விரும்பியவர் நீலத்தை விரும்பியவரைவிட எத்தனை பேர் கூடுதல் என்பது இரண்டாம் படி. ஒப்பிட்டால்தான் விடை கிடைக்கும். நாளை இன்னொரு குழந்தை வந்தால் எதனைக் கேட்கக்கூடும் என்பது மூன்றாம் படி. இங்கே குழந்தை ஊகிக்கிறது. அவ்வூகத்துக்குக் காரணமும் சொல்கிறது.

இவற்றோடு நாம் நான்காவதாக ஒரு கேள்வியைச் சேர்ப்போம்: இப்படத்திலிருந்து தெரியாதது எது? ஊரெங்கும் பங்கனப்பள்ளியே அதிகம் விளைகிறதா? தெரியாது. அன்று பள்ளிக்கு வராதவர் எதை விரும்புவர்? தெரியாது. ‘தெரியாது’ என்று தயங்காமல் சொல்லும் குழந்தையை நாம் பாராட்ட வேண்டும்.

இக்கல்வி எதற்குப் பயன்படும் என்று கேட்பவர் அங்கன்வாடியை நோக்குவாராக. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ், குழந்தையின் எடை வளர்ச்சி அட்டையில் புள்ளிகளாகக் குறிக்கப்படுகிறது. அப்புள்ளிகளை இணைக்கும் கோடு மேலேறினால் நலம். சமமாகவோ கீழ்நோக்கியோ சென்றால் உடனே கவனிக்க வேண்டும். அக்கோட்டைப் படிக்கத் தெரிந்த தாய், குழந்தை கண்ணுக்கு மெலிவதற்கு முன்பே ஆபத்தை உணர்ந்து உதவியை நாடுவாள். படிக்கத் தெரியாதவளுக்கு அது வெறும் அட்டை.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இதில் தனியொரு பொறுப்பு உண்டு. பள்ளியில் உங்கள் குழந்தை இந்தியிலோ மராத்தியிலோ கன்னடத்திலோ கணக்குக் கற்கிறது. கூட்டவும் கழிக்கவும் தெரிந்த பிள்ளை, அந்த விடைக்கு என்ன பொருள் என்று தாய்மொழியில் சொல்லத் திகைப்பதுண்டு. முதலமடைப் பக்கத்துக் குழந்தைகளுக்கு ஒரு வசதி உண்டு. ‘எத்தனை’ என்பது மலையாளத்தில் ‘எத்ர’ ஆகிறது, ‘கூடுதல்’ இரு மொழியிலும் கூடுதலே. கேரள அரசு தமிழிலும் பாடநூல்களை வெளியிடுகிறது. இவ்வசதி இல்லாத தொலைவில் இருப்பவர்கள் வீட்டையே பள்ளியாக்கிக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரு மாதம் மழை பெய்த நாள்களை நாட்காட்டியில் குழந்தையே குறிக்கட்டும். வாரந்தோறும் வாங்கும் பாலின் அளவை வரிசையாக வரையட்டும். மாத இறுதியில் அதனருகே அமர்ந்து, எத்தனை, எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு, ஏன் என்று தமிழில் கேளுங்கள். விடையைக் குழந்தையே சொல்லட்டும். அது தவறினாலும் பொறுத்து, படத்தை மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். நாளைக்குச் சம்பளச் சீட்டையும் மருத்துவ அறிக்கையையும் விலைப்பட்டியலையும் பிறர் உதவியின்றி அப்பிள்ளை படித்துக்கொள்ள இப்பழக்கம் துணை நிற்கும்.