யார் தேர்ந்தெடுத்த பிரவுசர்?

(வணிகர்கள், இளைஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதரஸாவில் ஓதியவருக்குக் கம்ப்யூட்டரில் என்ன வேலை என்று பின்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். உங்கள் கடைக் கம்ப்யூட்டரில் உள்ள பிரவுசரைத் தேர்ந்தெடுத்தது யார்? நீங்களா? "வாங்கும்போதே அதில் இருந்தது" என்பீர்கள்.

கடைக்கு இடம் பார்க்க ஆறு மாதம் அலைகிறோம். தராசு வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். வங்கி, ஜி.எஸ்.டி., ஆர்டர் என்று காலை முதல் இரவு வரை நம் கண் முன்னால் நிற்கும் பிரவுசரை மட்டும் அடுத்தவர் முடிவுக்கு விட்டுவிட்டோம்!

இது தற்செயலா? இல்லை. 1990களில் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கொடிகட்டிப் பறந்தது. மைக்ரோசாப்ட் தன் எக்ஸ்ப்ளோரரை விண்டோஸோடு சேர்த்தே கொடுத்தது. நெட்ஸ்கேப் சரிந்தது. 1998ல் அமெரிக்க அரசே மைக்ரோசாப்ட் மீது வழக்குத் தொடுத்தது. போட்டியில்லாத கடையில் சரக்கு எப்படி இருக்கும் என்று வணிகர்களுக்குச் சொல்லவா வேண்டும்? எக்ஸ்ப்ளோரரின் ஆறாம் பதிப்பு 2001ல் வந்தது. ஏழாம் பதிப்பு வந்ததோ 2006ல்! நடுவில் 2004ல் பயர்பாக்ஸ் வந்து வாடிக்கையாளர்களை இழுத்த பிறகுதான் அவர்களுக்கு விழிப்பு வந்தது. 2008ல் குரோம் வந்தது. 2022 ஜூனில் எக்ஸ்ப்ளோரருக்கே மூடுவிழா!

இப்போது கூகுளின் முறை. போன்களிலும் பிரவுசர்களிலும் தன் தேடுபொறியே முதலில் நிற்க வேண்டும் என்பதற்காக 2021ல் மட்டும் அது கொடுத்தது 2,630 கோடி டாலர். அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்த கணக்கு இது. இருப்பதை மாற்ற மாட்டோம் என்ற நம் சோம்பலுக்குத்தான் இந்த விலை!

சரி, மாற்றினால் என்ன லாபம்? இரண்டு கடை வைத்திருப்பவர் ஒரே தளத்தில் ஒரு கணக்கை மூடி, மறு கணக்கைத் திறந்து அல்லாடுகிறார். பயர்பாக்ஸில் கன்டெய்னர் என்ற வசதியைச் சேர்த்துக்கொண்டால் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் திறக்கலாம். விளம்பரத்தைத் தடுக்கும் பழைய வகை நீட்சிகளைக் குரோம் 2025ல் நிறுத்திவிட்டது. பயர்பாக்ஸில் அவை இன்றும் ஓடுகின்றன. பக்கம் சீக்கிரம் திறக்கிறது, கண்ணும் சிதறுவதில்லை. ஆனால் முப்பது டேப்களைத் திறந்து வைத்துக்கொண்டு நடுவில் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கும் தம்பிக்கு எந்தப் பிரவுசரும் நேரத்தை மிச்சப்படுத்தித் தராது!

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். பிரவுசரை மாற்றியபோது பாஸ்வேர்டுகளை ஒரு கோப்பில் இறக்கி, புதியதில் ஏற்றினேன். அந்தக் கோப்புக்குப் பூட்டு கிடையாது. திறந்தால் எல்லாம் வெட்டவெளிச்சம். அதை அழிக்க மறந்தேன். மூன்று மாதம் திரையிலேயே கிடந்தது, வருவோர் போவோர் உட்காரும் கம்ப்யூட்டரில்! கண்டுபிடித்த அன்று இரவு எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றி முடிக்க இரண்டு மணி ஆகிவிட்டது. நீங்கள் ஏற்றிய கையோடு அழித்துவிடுங்கள். குப்பைத் தொட்டியிலும் விட்டு வைக்காதீர்கள்.

பழைய பிரவுசரை உடனே தூக்கி எறிய வேண்டாம். சில தளங்கள் புதியதில் முரண்டு பிடிக்கலாம். ஒரு மாதக் கணக்கைப் புதியதில் தாக்கல் செய்து பாருங்கள். ஜி.எஸ்.டி. கடைசி நாளான 20ஆம் தேதி இரவில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்!