கைவினை என்னும் சொல்லும் ஒரு மதிய போசனமும்



இலக்கிய நிகழ்ச்சியொன்றிலே பாணைப் பற்றிப் பேசுவதா என்று நேயர்கள் வியக்கக்கூடும். நான் பேசப்போவது பாணைப் பற்றி மட்டுமன்று. அதன்மேல் ஒட்டப்பட்டிருந்த ஒரு சொல்லைப் பற்றியுமாகும். சொல் வழங்கும் இடமெல்லாம் தமிழ் ஆசிரியனுக்கு உரிய இடமே.

சென்ற ஆண்டு இலண்டனில் உறவினர் வீட்டிற் சில வாரங்கள் தங்கியிருந்தேன். ஒருநாள் நண்பகல், பெரிய சுப்பர்மார்க்கட் ஒன்றினுட் சென்றேன். அதன் ஒரு மூலையில் மரத்தட்டுகளும் பிரம்புக் கூடைகளுமாகப் பேக்கரிப் பகுதியொன்றை அமைத்திருந்தார்கள். ‘கைவினைஞரின் பாண்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்கள், கரும்பலகையில் வெண்கட்டியால் எழுதியவை போல அச்சிடப்பட்டுத் தொங்கின. அப்பாணிற் செய்த சான்ட்விச்சுகள் அருகே குளிரூட்டிய தட்டில் இருந்தன. செடார் சீஸும் வெங்காயச் சட்னியும் வைத்த ஒன்றை வாங்கிப் பூங்கா வாங்கில் அமர்ந்து உண்டேன். சீஸ் நன்று. சட்னியிற் சீனி சற்று மிகுதி. பாணோ கடிக்கக் கடிக்க இழுபட்டது. அதன் மேலோடு தோல்போல் ஆகியிருந்தது.

இதற்குக் காரணம் உண்டு. கைவினைப் பாண் எனப் பெரிதும் கருதப்படுவது, மாவும் நீரும் உப்பும் சேர்த்து, இயற்கை நுண்ணுயிர்களாற் பல மணிநேரம் புளிக்கவைத்துச் சுடப்படுவதாகும். தோசை மாவை இரவு முழுவதும் வைத்திருக்கும் நம் தாய்மாருக்கு இந்தப் பொறுமை புதிதன்று. அவ்வாறு சுட்ட பாணின் சிறப்பு அதன் மொறுமொறுப்பான மேலோட்டிலே தங்கியுள்ளது. ஆனால் சீஸும் இறைச்சியும் வைத்த உணவு கெடாதிருக்கக் குளிரில் வைத்தல் வேண்டும். குளிர்ப்பெட்டியின் வெப்பநிலையிலோ பாணின் மாப்பொருள் விரைவில் இறுகிப் பழசாகின்றது. மேலோடு ஈரத்தை உறிஞ்சிக்கொள்கின்றது. ஆகவே, எந்தச் சிறப்பின் பெயரால் அது விற்கப்பட்டதோ, அந்தச் சிறப்பை விற்கும் முறையே அழித்துவிட்டது.

சான்ட்விச் என்பது கென்ட் பகுதியிலுள்ள ஊரொன்றின் பெயர். அதனைப் பட்டப்பெயராகக் கொண்ட நான்காம் பிரபு ஜோன் மொன்டேகு (1718–1792) சூதாட்ட மேசையை விட்டெழ மனமின்றி இவ்வகை உணவைக் கேட்டார் என்பது கதை. அவர் அலுவல் மேசையில் இருந்தே கேட்டிருப்பார் என்பாரும் உளர். வரலாற்றாசிரியர் எட்வேட் கிபன் 1762 இல் எழுதிய நாட்குறிப்பிலே இச்சொல் இடம்பெறுகின்றது. 1961 இல் சோளிவுட் என்னும் இடத்து ஆய்வுகூடத்தில், மாவை மிகு வேகத்திற் பிசைந்து, பல மணிநேரப் புளிப்பை மிகச் சுருக்கும் முறை உருவாயிற்று. பிரித்தானியப் பாணின் பெரும்பகுதி அம்முறைக்கு மாறியது. 1980 இல் மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் நிறுவனம் பொதிசெய்த சான்ட்விச்சை விற்கத் தொடங்கியது. பாண் மலிந்தது, மென்மையாயிற்று, எங்கும் ஒரே மாதிரியாயிற்று. அதில் அலுப்புற்றோர் பழைய பாணைத் தேடினர். தேடுவோர் பெருகவே ‘கைவினை’ என்னும் சொல்லுக்குச் சந்தையில் விலை ஏறிற்று.

பிரான்சு நாட்டில் 1993 ஆம் ஆண்டின் ஆணையொன்று, ‘இல்லத்துப் பாண்’ எனப் பெயரிட வேண்டுமாயின் அது விற்குமிடத்திலேயே பிசைந்து, உருவமைத்துச் சுடப்பட்டதாக இருத்தல் வேண்டும் என விதித்தது. 1998 இன் சட்டம், பாண்கடை என்னும் பெயரையே அவ்வாறு செய்வோருக்கு உரியதாக்கியது. பிரித்தானியாவிலோ ‘கைவினைப் பாண்’ என்பதற்குச் சட்டம் வகுத்த வரைவிலக்கணம் எதுவுமில்லை. வேறிடத்தில் அரைவாசி சுட்டு உறையவைத்த பாணைக் கடையிற் சூடாக்கி எடுத்தாலும் அச்சொல்லை ஒட்டலாம்.

ஒட்டுச்சீட்டிலே உள்ள ஒரு சொல்லிற்கு இத்துணை ஆராய்ச்சியா என்று கேட்கலாம். 2016 இல் இலண்டன் விமான நிலையத்தில் வாங்கிய பாணுணவை உண்ட 15 வயதுச் சிறுமியொருத்தி உயிரிழந்தாள். எள் அவளுடம்புக்கு ஒவ்வாதது. எள், பிசைந்த மாவினுள்ளேயே கலந்திருந்தது. உறையில் அச்சொல் இருக்கவில்லை. விற்குமிடத்திலேயே ஆக்கிப் பொதிசெய்த உணவுக்கு முழு விபரமும் எழுதத் தேவையில்லை என்பதே அன்றைய விதி. ‘இங்கேயே ஆக்கியது’ என்னும், நமக்கு நம்பிக்கை தரும் நிலையே சொல்லாமல் விடுவதற்கும் வழிவிட்டிருந்தது. பெற்றோரின் விடாமுயற்சியால் 2021 ஒக்டோபரில் விதி மாறியது. இன்று அத்தகைய உணவின் உறையில் எல்லாப் பொருள்களின் பெயரும் இருத்தல் வேண்டும்.

இன்னுமொன்று கூறவேண்டும். பொதிசெய்த சான்ட்விச்சுகளைச் செய்யும் தொழிற்சாலைகள் பலவற்றில், ஓடும் பட்டியின் இருமருங்கிலும் நின்று, சீஸையும் தக்காளியையும் பாண் துண்டிலே அடுக்குவோர் மனிதரே. குளிரூட்டிய மண்டபத்தில், கையுறை அணிந்த கைகள் அவை. உறையின்மேல் நாம் வாசிக்கும் கைவினை, கிராமத்துப் போறணை ஒன்றை நினைவூட்டுகின்றதே அன்றி, உண்மையில் உழைத்த இந்தக் கைகளைக் குறிப்பதில்லை. இல்லாத கைக்குப் புகழும், இருக்கும் கைக்கு மௌனமும்!

பாண், போறணை, வாங்கு ஆகிய சொற்கள் போர்த்துக்கேயரிடமிருந்து நம்மிடம் வந்தவை. பொருளும் கூடவே வந்ததால் அவை நிலைத்தன. பொருள் வராது சொல் மட்டும் வருமாயின், அது எம்மொழியாயினும் வெறும் அலங்காரமே. நம் ஊர்க் கடைகளிலும் இப்போது ‘வீட்டுச் சுவை’, ‘பாரம்பரியம்’ என்னும் சொற்கள் பொதிகளின்மேல் மலிந்து வருகின்றன. அவற்றை வாங்கக்கூடாது என நான் கூறவில்லை. யார் செய்தார், எங்கே செய்தார், என்ன சேர்த்தார் என்று கேட்டு வாங்குவோம். நேர்மையாகச் செய்தவர் அக்கேள்விக்கு மகிழ்ந்தே விடைதருவார்.