நம்ம வெப்சைட்டுக்கு எவ்வளவு சத்தம் போதும்?

"சொந்த வெப்சைட்ல பாட்டு போடுறோம், எக்ஸ்போர்ட் பண்ணும்போது வால்யூமை எங்க வைக்கணும்?" இந்தக் கேள்வி போன எபிசோடுக்குப் பிறகு நிறைய பேர்கிட்ட இருந்து வந்திருக்கு. இன்னைக்கு அதை மட்டும் பேசுவோம்.

முதல்ல ஒரு வித்தியாசம். ஸ்பாட்டிஃபைல பாட்டு ஏத்தினா, அவங்களே சத்தத்தை அளந்து, வழக்கமான செட்டிங்ல மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ் அளவுக்குக் கொண்டு வந்துடுவாங்க. நம்ம சொந்தப் பக்கத்துல அப்படி யாரும் கிடையாது. பிரவுசர்ல இருக்கிற ஆடியோ பிளேயர், ஃபைல்ல என்ன இருக்கோ அதை அப்படியே வாசிக்கும். "பிளேயர் வால்யூமை கோட்ல குறைச்சுக்கலாமே"ன்னு கேட்பீங்க. ஐபோன்ல அது எடுபடாது. வால்யூம் பட்டனை அழுத்துறவர் கையில மட்டும்தான் கட்டுப்பாடு. அதனால அளவை ஃபைல்லயே சரி பண்ணித்தான் அனுப்பணும்.

இப்போ ஒரு உதாரணம். எனக்குத் தெரிஞ்ச ஒரு சின்ன இசைப்பள்ளி அவங்க பக்கத்துல மூணு பதிவு வச்சிருந்தாங்க: ஒரு வீணை ஆலாபனை, ஒரு நாகஸ்வரம், ஒரு தனி ஆவர்த்தனம். மூணுலயும் உச்சம், அதாவது பீக், மைனஸ் 1 டெசிபெல். மீட்டர்ல பார்த்தா மூணும் ஒண்ணுதான். காதுல கேட்டா அப்படி இல்லை. வீணை எங்கேயோ அடுத்த தெருவுல கேட்குது. சத்தத்தைக் கூட்டி வச்சுக் கேட்டுட்டு இருக்கும்போது அடுத்து நாகஸ்வரம் ஆரம்பிச்சா, இயர்போன் போட்டவர் துள்ளிடுவார்.

காரணம் எளிமையானது. வீணையில மீட்டுற அந்த ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துல உச்சம் ஏறி, உடனே இறங்கிடும். நாகஸ்வரம் மூச்சு இருக்கிற வரை நின்னு ஒலிக்கும். உச்சத்தை அளந்தா இந்த வேறுபாடு தெரியாது. அதுக்குத்தான் எல்.யூ.எஃப்.எஸ். 2006ல ஐ.டி.யூ வெளியிட்ட பி.எஸ்.1770 என்கிற தரத்துல இருந்து வந்த அளவீடு. நம்ம காது எதை அதிகமா உணருதோ அதுக்கேத்த மாதிரி எடை போட்டு, மொத்தப் பாட்டோட சத்தத்தை ஒரே எண்ணா சொல்லும். அளந்து பார்த்தோம். வீணை மைனஸ் 22. நாகஸ்வரம் மைனஸ் 12. நடுவுல 10 டெசிபெல் இடைவெளி!

சரி, எந்த எண்ணுக்குக் கொண்டு வரணும்? ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி 2015ல இணைய ஒலிக்குக் கொடுத்த பரிந்துரை மைனஸ் 16ல இருந்து மைனஸ் 20 வரை. அந்த எல்லைக்குள்ள எதைத் தேர்ந்தெடுப்பதுன்னு முடிவு பண்ண என்னோட வழி இது: இருக்கிறதுலயே மெலிசான பதிவைப் பாருங்க. வீணையை மைனஸ் 16க்கு ஏத்தணும்னா 6 டெசிபெல் கூட்டணும். உச்சத்துல இடமே இல்லை. லிமிட்டர் போட்டு நசுக்கணும். நசுக்கினா மீட்டோட கூர்மை போயிடும். வீணைக்கு உயிரே அதுதான். ஆனா நாகஸ்வரத்தைக் குறைக்கிறதுல ஒரு நஷ்டமும் இல்லை. அதனால வீணையை மைனஸ் 20ல வச்சோம். 2 டெசிபெல் கூட்டினா போதும், லிமிட்டர் தொட்டும் தொடாமலும் நிக்கும்.

நாகஸ்வரம் வாசிச்சவர் இதைக் கேட்டுட்டு, "என்ன தம்பி, நாயனத்தை அடக்கிட்டீங்களே?"ன்னார். அவர் கேட்டது நியாயம். கோயில் வீதியில ஊரே கேட்க வாசிக்கிற வாத்தியம் அது. வீணைக்குச் சமமா வச்சா பொய்யாத்தான் இருக்கும். அதனால அதை மட்டும் மைனஸ் 18ல வச்சோம். 2 டெசிபெல் வித்தியாசத்துல கம்பீரம் தெரியுது, காதும் துள்ளலை. தனி ஆவர்த்தனத்துக்கும் மைனஸ் 18தான். எல்லாத்தையும் ஒரே எண்ணுக்கு இழுத்துட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்க வேண்டாம். மீட்டர் சொல்றதைக் கேளுங்க, கடைசி முடிவை காது எடுக்கட்டும்.

இதுல ஒரு விலை இருக்கு. மத்த தளங்கள்ல இருந்து வர்றவங்களுக்கு நம்ம பக்கம் கொஞ்சம் மெலிசாத் தெரியும். கொஞ்சம் கூட்டிக்குவாங்க, அவ்வளவுதான். திடீர்னு காதுல அறையறதை விட அது மேல். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்ற பாதுகாப்பான அளவு 80 டெசிபெல்னா வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் 3 டெசிபெல் கூடினாலே அந்த நேரம் பாதியாகிடும்.

இனி எக்ஸ்போர்ட். ஆடாசிட்டியில லவுட்னஸ் நார்மலைசேஷன் இருக்கு, இலவசம்தான். எண்ணைக் கொடுத்து ஓட்டுங்க. ட்ரூ பீக் மைனஸ் 1 தாண்டக் கூடாது. எம்.பி.3யா சுருக்கும்போது உச்சம் கொஞ்சம் எகிறும், அதனால குறைந்த பிட்ரேட்னா மைனஸ் 2 வச்சுக்கோங்க. சுருக்கின ஃபைலை மறுபடி ஒரு தடவை அளந்து பாருங்க. கேட்கிறவருக்குப் போறது அந்த ஃபைல்தானே.

பக்கம் திறந்ததும் பாட்டு தானா ஓட வேண்டாம். 3 விநாடிக்கு மேல தானா ஓடினா நிறுத்த வழி இருக்கணும்னு இணைய அணுகல் வழிகாட்டுதலே சொல்லுது. பார்வையில்லாதவங்க திரைவாசிப்பான் குரலைக் கேட்டுத்தான் பக்கத்துல நடமாடுறாங்க. நம்ம பாட்டு அதை மூழ்கடிச்சிடும்.

கடைசியா ஒரு சோதனை. போன்ல ஏதாவது ஒரு பேச்சு வீடியோவை வசதியான சத்தத்துல வைங்க. வால்யூமைத் தொடாம உங்க பக்கத்தைத் திறந்து எல்லாப் பாட்டையும் ஒரு நிமிஷம் கேளுங்க, முதல்ல ஸ்பீக்கர்ல, அப்புறம் இயர்போன்ல. கை ஒரு தடவைகூட வால்யூம் பட்டனுக்குப் போகலைன்னா பாட்டை ஏத்திடலாம். போச்சுன்னா, எந்தப் பாட்டுக்குப் போச்சுன்னு குறிச்சுக்கிட்டு அதை மட்டும் 1 டெசிபெல், 2 டெசிபெல்னு மாத்திப் பாருங்க.

உங்க பதிவுகள்ல என்ன எண் வந்ததுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.